பழைய பெட்டியைப் புதுப் பெட்டிக்குள் வைப்பது: விஎம் பற்றி ஓர் எளிய விளக்கம்

சிவகாசியில் ஓர் அச்சகம். ஆடிப்பெருக்குக்கு மூன்று வாரம் இருந்தது. அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை அன்றைக்குத்தான் பூஜை போட்டு வெளியிடுவார்கள் என்பதால் டிசைன் அறையில் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அன்று காலை மூன்று தடவை பட்டனை அழுத்திய பிறகுதான் எழுந்தது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பிக்குள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. பேஜ்மேக்கருக்குள், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த பதினைந்து வருஷத்து வேலை: ராகு காலக் கட்டங்கள், ஜவுளிக்கடை விலாசங்கள், கல்யாணப் பத்திரிகைகள்.

"இது படுத்துச்சுன்னா நானும் படுத்துருவேன் தம்பி" என்றார் அண்ணாச்சி.

"புதுசு ஒண்ணு வாங்கிரலாமே அண்ணாச்சி?"

"வாங்கலாம். புதுசுல இதெல்லாம் ஓடுமா?"

ஓடாது. இன்றைய கம்ப்யூட்டரில் எக்ஸ்பியைப் போட்டால், பெட்டியின் பாகங்களோடு பேச உதவும் டிரைவர் மென்பொருள் கிடைக்காது. அந்தப் பழைய எழுத்துருக்களில் 'அ' என்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை 'அ' இல்லை, ஏதோ ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் படம். கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் எழுத்து உடையும், வரி ஓடும். அண்ணாச்சிக்குச் சலிப்பு. "அப்ப இந்தப் பெட்டிய அப்படியே தூக்கிப் புதுப் பெட்டிக்குள்ள வச்சிருவியா?" என்று கேட்டார்.

எரிச்சலில் கேட்டதுதான். ஆனால் விஎம்மை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. விர்ச்சுவல் மெஷின், நல்ல தமிழில் மெய்நிகர் கணினி, வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் சொல்வது விஎம். பழைய பெட்டியை அப்படியே தூக்கிப் புதுப் பெட்டிக்குள் வைப்பது.

உள்ளே இருப்பவருக்குத் தெரியாது

விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்குக் கண் கிடையாது. தான் எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்பது அதற்குக் கேட்டுத்தான் தெரியும். எத்தனை ரேம், எவ்வளவு பெரிய ஹார்ட் டிஸ்க், என்ன நெட்வொர்க் கார்டு என்று எழும்போதே விசாரிக்கும். வரும் பதிலை நம்பி வேலையைத் தொடங்கும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு மென்பொருள் இடையில் உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னால்? "உனக்கு 1 ஜிபி ரேம், 80 ஜிபி டிஸ்க், ஒரு நெட்வொர்க் கார்டு" என்று அது சொல்லும். இயங்குதளம் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருப்பதாக நினைத்து நிம்மதியாக ஓடும். அப்படி இடையில் உட்காரும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். வெளியே உள்ள நிஜப் பெட்டி ஹோஸ்ட், உள்ளே ஓடுவது கெஸ்ட்.

அது சொல்வதில் எது பொய், எது நிஜம் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் முழுப் பொய். கெஸ்ட் தன் டிஸ்க் என்று நினைப்பது ஹோஸ்டில் கிடக்கும் ஒரே ஒரு பெரிய கோப்பு. நெட்வொர்க் கார்டும் பொய், வெறும் மென்பொருள். ரேம் நிஜம், ஆனால் ஹோஸ்டின் ரேமிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு. சிபியு நிஜம். கெஸ்டின் கட்டளைகளில் பெரும்பாலானவை நேராக நிஜச் சிபியுவிலேயே ஓடுகின்றன. இயந்திரத்தின் ஆணிவேரைத் தொடும் சில கட்டளைகள் வரும்போது மட்டும் ஹைப்பர்வைசர் கையைப் பிடித்து நிறுத்தி, தான் ஒரு பதிலைக் கொடுத்து அனுப்பும். விஎம் நிஜப் பெட்டிக்குப் பக்கத்து வேகத்தில் ஓடுவது இதனால்தான். பழைய வீடியோ கேம் கருவிகளை மென்பொருளில் நடித்துக் காட்டும் எமுலேட்டர் வேறு. அது ஒவ்வொரு கட்டளையையும் உட்கார்ந்து மொழிபெயர்க்கும்.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் சிபி-40 என்றொரு அமைப்பைச் செய்தார்கள். ஒரு பெரிய இயந்திரத்தைப் பலர் பகிர வேண்டும், ஆனால் ஆளுக்கொரு தனி இயந்திரம் இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்பது அதன் யோசனை. 1972இல் அதன் வாரிசை விஎம்/370 என்ற பெயரில் ஐபிஎம் முறைப்படி வெளியிட்டது. நம் மேஜையில் இருக்கும் இன்டெல் வகைச் சிபியுக்களில் மட்டும் ரொம்ப நாள் இது கைகூடவில்லை. ஹைப்பர்வைசர் நிறுத்திப் பிடிக்க வேண்டிய கட்டளைகளில் சில, பிடிபடாமல் சத்தமின்றி நழுவிப்போகும்படி அந்தச் சிபியுக்கள் அமைந்திருந்தன. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதும் தந்திரத்தோடு 1999இல் தன் முதல் பொருளை வெளியிட்டது. பிறகு 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் சிபியுவுக்குள்ளேயே இதற்கு வசதி செய்துவிட்டன.

புதியவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் அந்த வசதிதான். பல கம்ப்யூட்டர்களில் அது பயாஸில், அதாவது இயங்குதளம் எழும் முன்பே வரும் அமைப்புப் பக்கத்தில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 64 பிட் கெஸ்ட் போட முயன்றால் "முடியாது" என்று வரும். மென்பொருளைக் குறை சொல்லி நான்கு தடவை அழித்து நிறுவுவார்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தட்டினால், கீழே விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டா டிஸேபிள்டா என்று தெரியும். இல்லையென்றால் பயாஸுக்குள் போய் இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இருப்பதை இயக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஹைப்பர்வைசரில் இரண்டு வகை உண்டு. ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் மேலேயோ லினக்ஸ் மேலேயோ ஒரு சாதாரண மென்பொருள் போல நிறுவிக்கொள்வது ஒன்று. விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் இந்த வகை. வெறும் பெட்டியில் நேராக உட்காருவது இன்னொன்று. விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே 2007 முதல் இருக்கும் கேவிஎம், அந்தக் கேவிஎம்மை வைத்துக் கட்டிய பிராக்ஸ்மாக்ஸ் எல்லாம் இந்தப் பக்கம். அச்சகத்தில் ஒற்றை எக்ஸ்பி என்றால் முதல் வகை போதும். பத்து சர்வர் ஓட வேண்டிய அலுவலகத்துக்கு இரண்டாவது.

அண்ணாச்சியின் பெட்டியைத் தூக்கியது

புதிதாக ஒரு விஎம் உருவாக்குவது நான்கு கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை. எத்தனை கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), எவ்வளவு ரேம், எவ்வளவு டிஸ்க், எந்த நெட்வொர்க். சொல்லிவிட்டு நிறுவல் வட்டின் ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டினால் ஆயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டியை உள்ளே கொண்டுவருவது அதைவிடச் சுவாரஸ்யம்.

மைக்ரோசாஃப்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்டுவிஎச்டி என்றொரு சின்ன இலவசக் கருவி உண்டு. பழைய கம்ப்யூட்டரில் அதை ஓட்டினால், அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு கோப்பாக வெளி டிஸ்க்கில் எழுதித் தரும். அதன் பழைய பதிப்பு ஒன்றை வைத்து, எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தோம், கோப்பு தயாராக இருந்தது.

புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸில் அந்தக் கோப்பை மாட்டிப் பட்டனை அழுத்தினேன். எக்ஸ்பியின் சின்னம் ஒரு நொடி தெரிந்தது. பிறகு நீலத் திரை, கடைசியில் 7பி என்று முடியும் பிழை எண். அண்ணாச்சியின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

காரணம் சின்னது. பழைய மதர்போர்டில் டிஸ்க்கோடு பேசும் பாகமான டிஸ்க் கண்ட்ரோலருக்கான டிரைவர் மட்டும்தான் அந்த எக்ஸ்பிக்குத் தெரியும். விர்ச்சுவல்பாக்ஸ் காட்டியது வேறொரு கண்ட்ரோலர். தன் டிஸ்க்கையே படிக்க வழி தெரியாமல் எக்ஸ்பி நின்றுவிட்டது. கோப்பு கெடவில்லை. பழைய கம்ப்யூட்டருக்குத் திரும்பி, டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் கண்ட்ரோலரின் டிரைவரை, டிஸ்க்கை இணைக்கும் பழைய முறையான ஐடிஇக்குரிய பொதுவான டிரைவராக மாற்றி, மறுபடி ஒரு நகல் எடுத்தேன். விர்ச்சுவல்பாக்ஸிலும் புது முறையான சாட்டாவை நீக்கிவிட்டு ஐடிஇ கண்ட்ரோலரை வைத்தேன். விஎம்மின் அமைப்புகளில் ஐ/ஓ ஏபிஐசி என்ற கட்டத்தில் டிக் போட்டேன். எக்ஸ்பி அதை எதிர்பார்த்து நிறுவப்பட்டிருந்தால், டிக் இல்லாதபோது வெறும் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். ஒரு கோர், 1 ஜிபி ரேம். எழுந்தது. அதே வால்பேப்பர், அதே இடத்தில் அதே குறுக்குவழிகள், மறுசுழற்சித் தொட்டியில் அதே குப்பை.

இரண்டு விஷயம் பாக்கி. தமிழ் விசைப்பலகை மென்பொருளுக்கு யூஎஸ்பி பூட்டு ஒன்று உண்டு, செருகினால்தான் வேலை செய்யும். ஹோஸ்டில் செருகும் யூஎஸ்பியைக் கெஸ்டுக்குக் கைமாற்றிவிடலாம். மாற்றிய பிறகு ஹோஸ்டுக்கு அது தெரியாது, ஒரு பொருள் ஒரே நேரத்தில் இருவர் கையில் இருக்க முடியாது. இன்னொன்று உரிமம். பெட்டி மாறியதை உணர்ந்து எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்டது. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் சட்டப்படி அந்தப் பெட்டியோடு பிறந்து அதோடே சாக வேண்டியது. தனியாகக் கடையில் வாங்கிய உரிமம் என்றால் எடுத்துப் போகலாம். நல்லவேளையாக அண்ணாச்சி பழைய பில்லையும் அட்டைப்பெட்டியையும் வைத்திருந்தார். விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம் என்றாலும் அதன் எக்ஸ்டென்ஷன் பேக் தொழில் பயன்பாட்டுக்கு இலவசம் இல்லை என்பதையும் அலுவலகத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். யாரும் படிக்காமல் 'சம்மதம்' அழுத்துவது அங்கேதான்.

நெட்வொர்க் கொடுக்கவே இல்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டன. இணையத்தில் விட்டால் திறந்த வீடு. ஒரு பகிர்வு ஃபோல்டர் மட்டும் வைத்தோம். பேஜ்மேக்கரிலிருந்து பிடிஎஃப் அதில் விழும், ஹோஸ்டிலிருந்து அதை எடுத்துப் பிளேட் போட அனுப்புவார்கள்.

மற்ற விஎம்களுக்கு நெட்வொர்க் வேண்டியிருக்கும். அதற்கு முக்கியமான மூன்று வழிகளைத் தெரிந்துகொண்டால் போதும். நேட் என்றால் கெஸ்ட், ஹோஸ்டின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இணையத்துக்குப் போகும். உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து யாரும் அதைக் கூப்பிட முடியாது. விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்டின் முகவரி 10.0.2.15 என்று இருந்தால் அது நேட். பிரிட்ஜ் என்றால் கெஸ்ட் அலுவலக நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டர் போல உட்கார்ந்து, ரவுட்டரிடம் தனி முகவரி வாங்கும். சர்வர் வேலைக்கு இதுதான். ஹோஸ்ட்-ஒன்லி என்றால் ஹோஸ்டுக்கும் கெஸ்டுக்கும் இடையில் மட்டும் பேச்சு. "சர்வர் போட்டேன், பக்கத்து மேஜையிலிருந்து திறக்கவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பங்கு நேட்டில் விட்டுவிட்ட விஎம்தான்.

ஸ்நாப்ஷாட்: இனிப்பான கண்ணி

விஎம் என்பது கோப்பு என்றேன். கோப்பு என்பதால் நகலெடுக்கலாம், பென் டிரைவில் போடலாம், வேறு ஊருக்கு அனுப்பலாம். எனக்கு முதல் தடவை வியப்பாக இருந்தது ஸ்நாப்ஷாட். ஏதாவது விபரீத வேலை செய்வதற்கு முன் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டால், சொதப்பியபின் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். நிஜ வாழ்க்கையில் கிடைக்காத வசதி.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் யாரும் அதைத் தொடக்கூடாது என்பேன். பெயரில் 'படம்' இருப்பதால் டிஸ்க்கை நகலெடுத்து எங்கோ பத்திரமாக வைக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. ஸ்நாப்ஷாட் எடுத்த நொடியில் டிஸ்க் கோப்பு உறைந்துவிடும், இனி அதில் யாரும் எழுத முடியாது. பக்கத்தில் காலியாக ஒரு புதுக் கோப்பு திறக்கும். அதற்குப் பிறகு கெஸ்ட் எழுதுவதெல்லாம் இந்தப் புதுக் கோப்பில் விழும். படிக்கும்போது முதலில் புதுக் கோப்பில் தேடி, இல்லையென்றால் பழையதில் பார்க்கும். கணக்குப்பிள்ளை பழைய பேரேட்டைப் பூட்டிவிட்டு, மேலே ஒரு தாளை வைத்துத் திருத்தங்களை அதில் மட்டும் எழுதுவது போல. திரும்பிப் போக வேண்டுமென்றால் தாளைக் கிழித்தால் போதும்.

இதிலிருந்து மூன்று உண்மை தானாக வரும். ஸ்நாப்ஷாட் என்பது பேக்கப் ஆகாது. கீழே இருக்கும் பேரேடு போனால், மேலே இருக்கும் தாள் வெறும் தாள். இரண்டும் ஒரே டிஸ்க்கில் கிடக்கின்றன, டிஸ்க் செத்தால் சேர்ந்தே போகும். அடுத்து, தாள் வளர்ந்துகொண்டே போகும், கெஸ்டில் நீங்கள் அழித்த கோப்புகள்கூட அதில் எழுத்தாகத்தான் விழும். மூன்றாவது, குழப்பமான பெயர். 'டிலீட் ஸ்நாப்ஷாட்' என்றால் உங்கள் வேலையை அழிப்பதல்ல. தாளில் உள்ளதைப் பேரேட்டில் சேர்த்து எழுதிவிட்டுத் தாளைக் கழிப்பது. பயந்துகொண்டு அதை அழுத்தாமலே விடுபவர்கள் ஏராளம். அதைவிடப் பெரிய ஆபத்து, இடம் பிடிக்கிறதே என்று கோப்புகள் இருக்கும் ஃபோல்டருக்குள் போய்ப் 'பழைய' டிஸ்க் கோப்பைக் கையால் அழித்துவிடுவது. அது பேரேடு.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம், ஓர் அலுவலகம். கணக்கு சர்வரில் ஒரு அப்டேட். சமர்த்தாக ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டு அப்டேட்டை முடித்தேன், நன்றாக ஓடியது, டீ குடிக்கப் போனேன். ஸ்நாப்ஷாட்டை மறந்தேன். நான்கு மாதம் கழித்து, மாதக் கடைசி நாளில், ஹோஸ்டின் டிஸ்க் நிரம்பி அதில் இருந்த எல்லா விஎம்மும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சம்பளக் கணக்கு போடும் நாள். தாளைப் பேரேட்டில் சேர்த்து எழுதவும் கொஞ்சம் இடம் வேண்டும், அந்த இடமும் இல்லை. வேறு டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, ஒரு விஎம்மை அதற்கு நகர்த்தி, இடம் உண்டாக்கி, சேர்த்து முடிக்க இரவாகிவிட்டது. ஒரு ஸ்நாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்று விஎம்வேர் சொல்கிறது. நான் இப்போது எடுத்த கையோடு செல்போனில் அலாரமும் வைக்கிறேன். வெட்கப்படவில்லை.

பேக்கப் என்றால் வேறு பெட்டியில், முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்கும் நகல். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மின் டிஸ்க் கோப்பைச் சும்மா காப்பி பேஸ்ட் செய்வதும் பேக்கப் ஆகாது. காப்பி தொடங்கியபோது இருந்த முதல் பாதியும், முடிந்தபோது இருந்த கடைசிப் பாதியும் ஒன்றோடொன்று பொருந்தாது. விஎம்மை அணைத்துவிட்டு நகலெடுக்க வேண்டும், அல்லது அதற்கென்றே உள்ள பேக்கப் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். எடுத்த பேக்கப்பை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது வேறு இடத்தில் எழுப்பிப் பார்க்கவும் வேண்டும். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

மெஸ் கணக்கு

ஒரே ஹோஸ்டில் பல விஎம் ஓட்டும்போது, 8 கோர் உள்ள பெட்டியில் எல்லா விஎம்களுக்குமாகச் சேர்த்து 20 கோர் கொடுத்திருப்பார்கள். எப்படி? எங்கள் தெரு மெஸ்ஸில் 30 நாற்காலி. மாதச் சாப்பாட்டு அட்டை வாங்கியவர்கள் 70 பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால் மெஸ் ஓடுகிறது. கோர் என்பது நாற்காலி. ஒருவர் எழுந்ததும் இன்னொருவர் உட்காரலாம். எட்டுப் பேராக வந்து "சேர்ந்துதான் உட்காருவோம்" என்று நிற்பவர்கள், இரண்டு பேராக வந்தவர்களைவிட அதிக நேரம் காத்திருப்பார்கள். நெரிசலான ஹோஸ்டில் ஒரு விஎம்முக்குத் தேவைக்கு மீறிக் கோர் கொடுத்தால் அது வேகமாவதற்குப் பதில் மெதுவாகலாம். இரண்டில் தொடங்கி, தேவை தெரிந்த பிறகு கூட்டுங்கள்.

ரேம் நாற்காலி இல்லை, சோறு. ஒருவர் இலையில் விழுந்ததை இன்னொருவருக்கு எடுத்துப் போட முடியாது. ஹைப்பர்வைசர்கள் இதற்கும் தந்திரம் வைத்திருக்கின்றன. கெஸ்டுக்குள் ஒரு பலூனை ஊதி, அது பயன்படுத்தாத ரேமைப் பிதுக்கி வாங்கிக்கொள்ளும். பல விஎம்களில் ஒரே மாதிரி இருக்கும் ரேம் துண்டுகளை ஒன்றாக்கும். அவசரத்துக்கு உதவும், அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. தீர்ந்துபோனால் டிஸ்க்கை ரேமாக நினைத்து எழுதத் தொடங்கும். அன்றைக்கு எல்லா விஎம்மும் மாட்டுவண்டிதான். 16 ஜிபி உள்ள மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் ஹோஸ்டுக்கு ஐந்தாறு ஜிபியை விட்டுவிட்டு மீதியைத்தான் பங்கு போடுவேன்.

டிஸ்க் இரண்டுங்கெட்டான். 100 ஜிபி என்று உருவாக்கும் டிஸ்க் கோப்பு, தின் வகையாக இருந்தால், முதலில் சில ஜிபிதான் பிடிக்கும். எழுத எழுத வளரும். 500 ஜிபி டிஸ்க்கில் பத்து 100 ஜிபி விஎம் வைக்கலாம், எல்லாம் நிரம்பாதவரை. நிரம்பும் நாளை யாராவது கண்காணிக்க வேண்டும். நம் சர்வர் அறைகளில் அந்த 'யாராவது' பெரும்பாலும் யாரும் இல்லை.

பெருகும்போது

அச்சகத்துக்கு ஒரு விஎம். நடுத்தர அலுவலகத்தில் பத்து, இருபது என்று போகும். கணக்குக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, வருகைப்பதிவுக்கு ஒன்று, சோதனைக்கு ஐந்து. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து நிறுவிக்கொண்டிருந்தால் வேலை முடியாது. ஒன்றை நன்றாக நிறுவி, அப்டேட் செய்து, அதை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டு அதிலிருந்து நகல் எடுப்பதுதான் வழக்கம்.

நகல் என்றால் அச்சு அசல் நகல் என்பதில்தான் சிக்கல். பெயர், அடையாள எண், பாதுகாப்புச் சாவி எல்லாம் ஒன்றாகவே இருக்கும். லினக்ஸ் வகையான உபுண்டு சர்வர் ஒன்றை அப்படியே நகலெடுத்து இரண்டையும் ஓட்டினால் இரண்டும் ரவுட்டரிடம் ஒரே முகவரியை வாங்கிவந்து நிற்பதைப் பார்க்கலாம். நெட்வொர்க் கார்டின் எண்ணை மாற்றியிருந்தாலும் இது நடக்கும். முகவரி கேட்கும்போது மெஷின் ஐடியிலிருந்து பிறந்த அடையாளத்தைத்தான் அது காட்டுகிறது, அந்த ஐடி இரண்டிலும் ஒன்று. டெம்ப்ளேட்டாக்கும் முன் அதைக் காலி செய்துவிட வேண்டும். விண்டோஸில் இதே வேலைக்கு சிஸ்ப்ரெப் என்ற கருவி இருக்கிறது.

பிறகு வரும் நோய், பெருக்கம். உருவாக்குவது ஐந்து நிமிட வேலை என்பதால் கேட்டவருக்கெல்லாம் ஒன்று போட்டுக் கொடுப்போம். ஒரு வருஷம் கழித்து 'டெஸ்ட்2', 'நியூ-டெஸ்ட்', 'அழிக்காதே' என்ற பெயர்களில் விஎம்கள் ஓடிக்கொண்டிருக்கும். யாருடையவை என்று தெரியாது. அணைக்கப் பயம். அப்டேட் செய்ய ஆளில்லை. நிஜ சர்வர் வாங்க மூன்று கையெழுத்து வேண்டும், அந்தத் தொல்லையே ஒரு காவலாக இருந்தது. இப்போது நான் யாருக்கு விஎம் போட்டாலும் அதன் குறிப்புப் பகுதியில் கேட்டவர் பெயர், காரணம், எப்போது அழிக்கலாம் என்ற தேதி மூன்றையும் எழுதுகிறேன். தேதி சொல்லாதவர்களுக்கு மூன்று மாதம் என்று நானே போட்டுவிடுவேன்.

மேகத்திலும், அதாவது வாடகைக் கம்ப்யூட்டர் தரும் கிளவுடிலும், இதே கதைதான், ஆனால் மீட்டர் ஓடும். அமேசான் 2006இல் ஈசி2 என்று வாடகைக்கு விட்டதும், மைக்ரோசாஃப்டின் அஸூர் சென்னை மையத்திலிருந்து தருவதும் விஎம்தான். அஸூரில் விஎம்மின் உள்ளே போய் விண்டோஸை ஷட்டவுன் செய்துவிட்டு, பில் நின்றுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. நிற்காது. அந்த இடம் இன்னும் உங்களுக்கென்று ஒதுக்கியே இருக்கும். வெளியே போர்ட்டலிலிருந்து நிறுத்தி, டீஅலோகேட்டட் என்று காட்டினால்தான் ஓட்டக் கட்டணம் நிற்கும். அப்போதும் டிஸ்க்குக்கு வாடகை உண்டு.

நிறுவனங்களில் இன்னொரு தலைவலி, எந்த ஹைப்பர்வைசர் என்பது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு தடவை வாங்கினால் நிரந்தரம் என்றிருந்த உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. அதன்பின் பலர் பிராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி பக்கம் பார்க்கத் தொடங்கினார்கள். புதிதாகத் தொடங்கும் சின்ன அலுவலகத்துக்கு நான் பிராக்ஸ்மாக்ஸைத்தான் சொல்வேன். கற்றுக்கொள்ளவும் காசு வேண்டாம். விண்டோஸ் சர்வர் கெஸ்டுகள் ஓட்டுவதானால் மைக்ரோசாஃப்ட் உரிமம் பொதுவாக ஹோஸ்டின் கோர் எண்ணிக்கையைப் பொறுத்தது, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கணக்கில் எடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு. ஒரு விஎம்முக்குள் வைரஸ் வந்தால் அது சுவரைத் தாண்டாது என்பது பொதுவாக உண்மை. சுவரில் ஓட்டையும் விழுந்திருக்கிறது. 2015இல் வெனம் என்ற பெயரில் வெளியான பிழை, யாருமே பயன்படுத்தாத ஃபிளாப்பி டிரைவை நடித்துக் காட்டும் நிரலில் இருந்தது. அந்த வழியே கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கு ஏறிவிட வாய்ப்பிருந்தது. 2023 பிப்ரவரியில் பல நாடுகளில் அப்டேட் செய்யாத இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டுகளுக்குள் நேராகப் புகுந்து விஎம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். இருபது சர்வரை உடைக்க இருபது பூட்டு உடைக்க வேண்டாம், ஹோஸ்ட் ஒன்று போதும். அதனால் ஹோஸ்டின் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குக் காட்டாதீர்கள், அதன் பாஸ்வேர்டைக் கெஸ்டுகளின் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள், தேவையில்லாத பொய்ச் சாதனங்களை விஎம்மிலிருந்து கழற்றிவிடுங்கள்.

அச்சகத்துக்கு ஆடிப்பெருக்கு முடிந்தபின் ஒரு நாள் போனேன். ஆல்பம் போய்விட்டிருந்தது. புதுக் கம்ப்யூட்டரில், ஒரு ஜன்னலுக்குள் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்தது. டைப் அடிக்கும் அக்கா முழுத்திரையாக்கிக்கொண்டு, தான் பழைய கம்ப்யூட்டரில்தான் இருப்பது போல வேலை செய்தார். வாரா வாரம் சனிக்கிழமை அந்த விஎம்மை அணைத்துவிட்டு அதன் ஃபோல்டரை இரண்டு வெளி டிஸ்க்கில் மாறி மாறி நகலெடுக்கச் சொல்லியிருந்தேன். ஒன்று கடையில், ஒன்று அண்ணாச்சி வீட்டு பீரோவில்.

பழைய பெட்டி இன்னும் அதே மூலையில், துணி போர்த்தி இருந்தது. "அதைக் குடுத்துரலாமே அண்ணாச்சி?"

"இருக்கட்டும்டா" என்றார். "அதுபாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்."